"சும்மா ஜாலிக்குத்தான்க்கா" என்று சொல்லும் தம்பிக்கு

கேள்வி: செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் கேரளப் பக்கம் புனலூர் போய்ப் படிக்கிறேன். தம்பி இங்கே ப்ளஸ் டூ. அவனும் அவன் கூட்டாளிகளும் இன்ஸ்டாவில் பெண்களைப் பற்றி எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பீஸ், ஐட்டம், ஆன்ட்டி, தேப்புக்காரி என்று தமிழும் மலையாளமும் கலந்து எழுதுகிறார்கள். கேட்டால், "சும்மா ஜாலிக்குத்தான்க்கா, வெறும் வார்த்தைதானே" என்கிறான். வெறும் வார்த்தைதானா?

பதில்:

முதலில் தம்பி பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இளவட்டங்கள் தங்களுக்குள் ஒரு தனிப் பேச்சு வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. நம் இலக்கணம் அதற்குக் குழூஉக்குறி என்று பெயர் கொடுத்து, தகுதி வழக்கில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குடித்தவன் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவான், அதனால் கள் சொல்விளம்பி. இப்படி ஒரு சொல்லை இன்று ஒரு பையன் இன்ஸ்டாவில் போட்டால் நானே லைக் போடுவேன்.

இருபது வருடத்துக்கு மேலாக எல்லையோரத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பேசும் புதுச்சொல் காதில் விழுந்தால் நோட்டில் குறித்து வைப்பது வழக்கம். நம்ம ஊர் அதற்கு நல்ல இடம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. இன்றைக்கும் காலை பஸ்ஸில் பாதிப் பேர் இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் 'கிளி' என்றால் அழகான பெண். மலை ஏறி ஆரியங்காவு தாண்டினால் 'கிளி' என்பது பஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிற பையன். 'கிளி போயி' என்றால் புத்தி கலங்கிப்போச்சு. இதையெல்லாம் எழுதி வைப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அந்த நோட்டில்தான் ஒரு நாள் எனக்கு உறுத்தியது. பெண்களைக் குறிக்கும் சொற்களை மட்டும் ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதிப் பார்த்தேன். ஃபிகர், பீஸ், ஐட்டம், கட்டை. மலையாளத்திலிருந்து சரக்கு, சாதனம். சாதனம் என்றால் அங்கே சாமான். பக்கம் முழுக்க ஒரு மளிகைக் கடை, ஒரு மரக்கடை. மனிதர்களைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

'சரக்கு' பற்றி வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பையன்கள் பேச்சில் சரக்கு என்றால் பாட்டில். அந்தப் பக்கம் சரக்கு என்றால் பெண், அதுவும் கொச்சையாக. முதலாண்டு சேர்ந்த நம்மூர்ப் பையன் ஒருவனிடம் கொல்லத்துப் பையன் காரிடாரில் "அடிபொளி சரக்குடா" என்றிருக்கிறான். இவன், காலேஜுக்குள்ளேயா என்று பயந்துபோய் அவன் பையைப் பார்த்திருக்கிறான். இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே மிஸ். விலைக்கு வாங்குறது, தீந்ததும் தூக்கிப் போடுறது" என்றாள். அதன் பிறகு வகுப்பில் சத்தமே இல்லை.

இந்தச் சொற்களை இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். ஃபிகர் என்பது உங்கள் அப்பா காலத்துச் சொல். கட்டை அதற்கும் முந்தியது. சைட் அடிப்பதும் ஜொள்ளு விடுவதும் கடலை போடுவதும் நான் கல்லூரியில் படிக்கும்போதே பழசாகிவிட்டன. தம்பியின் நாக்குக்கு இவை வந்தது வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்தும் தியேட்டரிலிருந்தும்தான். அவனை மட்டும் கூண்டில் நிறுத்தினால் அவன் காது கொடுக்கமாட்டான். கொடுக்காததில் நியாயமும் உண்டு.

சரி, பெயர்ச்சொல்லை விடுங்கள். என்னைக் கேட்டால் விஷயம் இருப்பது வினைச்சொல்லில். ஒரு நாள் வேற்றுமை உருபு நடத்தும்போது, பெண்களைப் பற்றி நீங்கள் அன்றாடம் சொல்கிற வாக்கியங்களைச் சொல்லுங்கள், எந்த வாக்கியமானாலும் திட்டமாட்டேன் என்றேன். முதலில் தயங்கினார்கள். அப்புறம் மளமளவென்று வந்தன. அவளை மடக்கணும். அவளை உஷார் பண்ணிட்டான். அவளை கரெக்ட் பண்ணிட்டான். அவளை பிக்கப் பண்ணு. அவளை ஓட்டுறான். அவளை கழட்டி விட்டுட்டான். போர்டு நிறைந்துவிட்டது. இதில் எது எழுவாய், எது செயப்படுபொருள் என்று கேட்டேன். எல்லா வரியிலும் பெண் இரண்டாம் வேற்றுமை. 'ஐ' உருபை மாட்டிக்கொண்டு யாரோ செய்யும் வேலைக்குக் கீழே நிற்கிறாள். மடக்குவதற்கு அவள் குடையா? உஷார் பண்ணுவது என்று பையன்கள் வேறு எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? ஹாஸ்டலில் அடுத்தவன் சார்ஜரை நைசாகத் தூக்குவதை.

அவள் எழுவாயாக வரும் வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள். அவ கழட்டி விட்டுட்டா. அவ அல்வா குடுத்துட்டா. அவ சீன் போடுறா. அவ தேச்சிட்டா. அவள் எழுவாயாக எழுந்து நிற்கும்போது பயனிலையாக ஒரு குற்றம் தயாராக இருக்கிறது. அவ படிச்சா, அவ சிரிச்சா, அவ வேண்டாம்னு சொன்னா என்று யாரும் சொல்லவில்லை. அப்படி நடக்காமலா இருக்கிறது? நடப்பதைச் சொல்ல அந்தப் பேச்சில் வினைச்சொல் இல்லை, அவ்வளவுதான். உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த போர்டில் இருக்கிறது. ஒரு சொல் கெட்டதா நல்லதா என்று பார்ப்பதைவிட, வாக்கியத்தில் அவளை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பீஸ், ஐட்டம் போன்ற எதையுமே சொல்லாமல், மரியாதையான சொற்களை மட்டும் வைத்துக்கொண்டும் இதைச் செய்யலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

'தேப்பு' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலையாளத்தில் தேப்பு என்றால் தேய்ப்பது, துணிக்கு இஸ்திரி போடுவது. காதலித்துவிட்டு விலகிப்போன பெண் பையனைத் 'தேச்சுட்டு' போனாள் என்பார்கள், அவள் தேப்புக்காரி. இன்று தென்காசி, செங்கோட்டைப் பையன்களின் ரீல்ஸிலும் இது வந்துவிட்டது, பக்கத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி எமோஜி மாதிரிப் படத்தோடு. விலகிப்போன பையனுக்கும் தேப்புக்காரன் என்று சொல்லலாம், இலக்கணம் தடுக்கவில்லை. ஆனால் என் நோட்டில் தேப்புக்காரி பத்துத் தடவை வந்தால் தேப்புக்காரன் ஒரு தடவை வருகிறான், அதுவும் ஒரு பெண் எழுதியதாக இருக்கும்.

காதலித்தவள் மனம் மாறுவது உலகத்தில் அன்றாடம் நடப்பது. பையனுக்கு வலிக்கும்; அழட்டும், பாட்டுக் கேட்கட்டும், கூட்டாளிகளிடம் புலம்பட்டும். அந்த வலிக்கு 'தேப்பு' என்று பெயர் வைத்ததும் அவள் மனம் மாறியது ஒரு மோசடி ஆகிவிடுகிறது, இவன் ஏமாற்றப்பட்டவன் ஆகிவிடுகிறான். ஏமாற்றப்பட்டவன் பதிலுக்குச் செய்வதில் ஒரு நியாயம் வந்துவிடுகிறது. 2021 ஜூலையில் கேரளத்துக் கோதமங்கலத்தில் பல் மருத்துவ மாணவி ஒருத்தியைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அதே வருடம் அக்டோபரில் அங்கே பாலா என்ற ஊரில் கல்லூரி வளாகத்திலேயே ஒரு மாணவியின் கழுத்தை அறுத்தான் கூடப் படித்தவன். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவியை ஓடும் ரயில் முன்னால் தள்ளினான் இன்னொருவன். அந்தந்த வாரம் இந்தச் செய்திகளின் கீழே இருந்த கமென்ட்களை நான் உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலோர் வருத்தப்பட்டுத்தான் எழுதியிருந்தார்கள். நடுநடுவே, "தேச்சா இப்படித்தான்", "அவ என்ன பண்ணாளோ" என்றும் இருந்தன. சொல் கத்தியை எடுக்கவில்லை. கத்தி எடுத்தவனுக்காகப் பேச நாலு பேருக்கு வாய் கொடுத்தது.

இப்போது 'ஆன்ட்டி'. இதுதான் எல்லாவற்றிலும் சாதுவாகத் தெரியும் சொல், எனக்கு அதிகம் கோபம் வருவதும் இதன்மேல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் அது உறவு. முப்பது வயதுப் பெண்ணின் படத்துக்குக் கீழே இருபத்தைந்து வயது ஆண் ஆன்ட்டி என்று எழுதினால் அது இரண்டில் ஒன்று. உனக்கு வயசாயிடுச்சு, இனி எதற்கு இந்த அலங்காரம் என்பது ஒன்று. கல்யாணமானவள், அதனால் எனக்கு எட்டுவாள் என்ற கணக்கு இன்னொன்று. ஒன்றில் அவளைப் பார்வையிலிருந்து தள்ளுகிறார்கள், மற்றதில் பார்வையாலேயே உரிக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் தெலுங்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் அனசூயா பரத்வாஜை இந்த ஒரு சொல்லை வைத்தே ட்விட்டரில் துரத்தினார்கள். இது வசை, புகார் கொடுப்பேன் என்று அவர் சொன்னதும் அந்தச் சொல்லையே ஹேஷ்டேக் ஆக்கி இன்னும் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள்.

பெண்ணை வயதால் அளப்பது இன்ஸ்டாவோடு பிறந்ததும் இல்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் பிரித்து வைத்தவர்கள் நாம். பேரிளம்பெண் நாற்பதோடு முடிகிறாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லே கிடையாது. இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் நாற்பதைத் தாண்டிய எனக்கு ஏதோ வகுப்புக்கு வெளியே நிற்பது போலத்தான் இருக்கும்.

என்னிடம் படித்த ஒருத்தி, வயது 31, புளியரைப் பக்கம் வாக்கப்பட்டவள். இரண்டு பிள்ளைகள். ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு கல்யாண ப்ளவுஸ் செய்கிறாள். கொரோனா சமயத்தில் இன்ஸ்டாவில் ஒரு பக்கம் தொடங்கினாள். வீடியோவில் கை மட்டும் தெரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, கீழே ஒரு கை நூல் கொடுக்க, மேலே ஊசி குத்திக் குத்திச் சங்கிலி இழுக்கும். ஜர்தோசி, பாசி, கல் எல்லாம் கிண்ணம் கிண்ணமாகப் பக்கத்தில். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆர்டரும் வந்தது, புனலூரிலிருந்துகூட.

ஒரு நாள் முகம் காட்டிப் பேசினால் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு வீடியோ போட்டாள். "ரேட் கேக்கணும்னா கமென்ட்ல கேளுங்க" என்று முடித்தாள். மூன்று நாளில் கமென்ட் குவிந்தது. ஆன்ட்டி செம. ஆன்ட்டி ரேட் என்ன. ரேட் சொல்லுங்க ஆன்ட்டி. அதற்குள்ளேயே உண்மையான வாடிக்கையாளர்களும் இருந்தார்கள், அவர்களும் ரேட் என்ன என்றுதான் கேட்டிருந்தார்கள். யார் ப்ளவுஸ் விலை கேட்கிறார்கள், யார் எதைக் கேட்கிறார்கள் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வியாபாரம், பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. ஒருவனுக்கு, "ஸ்டார்ட்டிங் 1,500 ப்ரோ" என்று எழுதினாள். அவன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே இவள் முகத்தை வைத்து, உள்ளூர் மீம் பக்கம் ஒன்றில் போட்டான். இவள் கணவன் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "ஏல, இது ஒங்க வீட்டுக்காரிதானே" என்று போனை நீட்டினார். அன்றைக்குப் பக்கத்தை மூடியவள் நாலு மாதம் திறக்கவில்லை.

இதில் கெட்ட வார்த்தை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். ஆன்ட்டி, ரேட், என்ன. மூன்றும் அகராதிக்கு நல்ல சொற்கள். 2025இல் திராவிட மொழிகளின் கணினி ஆய்வாளர்கள் ஒரு கருத்தரங்கில் போட்டியே வைத்தார்கள்: தமிழ், மலையாள யூட்யூப் கமென்ட்களில் பெண்களை வசைபாடுவது எது என்று கணினியால் பிரிக்க முடிகிறதா என்று. ஏன் கஷ்டம் என்பது இந்த மூன்று சொல்லிலேயே தெரிகிறது. நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள், நடுவில் மலையாளம் போடுகிறார்கள், பிடிபடாமல் இருக்க ஒரு எழுத்தை மாற்றிப் போடுகிறார்கள். அதையெல்லாம் ஒருவேளை இயந்திரம் கற்றுக்கொள்ளும். "ரேட் என்ன ஆன்ட்டி" என்பதை எப்படிக் கற்கும்? அது எந்தப் படத்தின் கீழே, யார் எழுதி, அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதில்தான் வசையே இருக்கிறது.

மரியாதைச் சொற்கள் என்றேனே, அவை இங்கேதான் வருகின்றன. 'சிங்கப்பெண்' 2019இல் ஒரு படப்பாட்டில் வந்து, நிஜமான புகழாகத்தான் பரவியது. இப்போது ஒரு பெண் ஸ்கூட்டியில் இண்டிகேட்டரை மாற்றிப் போட்ட வீடியோவுக்குக் கீழே போய்ப் பாருங்கள், வரிசையாகச் சிங்கப்பெண்ணே. மலையாளத்தில் 'குலஸ்த்ரீ' என்றால் நல்ல குடும்பத்துப் பெண். 2018இல் சபரிமலைத் தீர்ப்பு வந்த பிறகு, கோயிலுக்கு மற்றப் பெண்கள் போகக்கூடாது என்று தெருவில் இறங்கிய பெண்களைக் கேலி செய்ய அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, பெண்ணுரிமை பேசுகிறவளைக் கேலி செய்ய 'ஃபெமினிச்சி' என்று ஒரு சொல் வந்திருந்தது. அடங்கி இருந்தால் குலஸ்த்ரீ, வாய் திறந்தால் ஃபெமினிச்சி. நடுவில் ஒரு பெண் நிற்க ஒரு சாண் இடம் விட்டிருக்கிறார்களா? முற்போக்கு பேசும் ஆண்களே குலஸ்த்ரீ என்று சிரிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கொள்கையை மறுக்கட்டும், நானும் மறுக்கிறேன். ஒரு பெண் கட்டிய சேலையையும் வைத்த பொட்டையும் பார்த்துச் சிரிப்பது எந்தக் கொள்கையிலும் சேராது.

பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்ற பழமொழி நமக்கும் உண்டு, பிடக்கோழி கூவக்கூடாது என்று மலையாளத்துக்கும் உண்டு. மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே கோழி. கமென்ட் பாக்ஸ் இதைத்தான் புதுச் சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெண் பக்கம் பேசுகிற ஆணுக்கும் சொல் தயாராக இருக்கிறது. தமிழில் சொம்பு, மலையாளத்தில் பெண்கோந்தன். உங்கள் தம்பி ஒரு நாள் கூட்டாளியிடம், "விடுல, அந்தப் புள்ளய எதுக்கு எழுதுத" என்று சொல்லியிருக்கக்கூடும். அடுத்த நிமிடம் அவன் சொம்பு ஆகியிருப்பான். பதினேழு வயதில் கூட்டத்திலிருந்து தள்ளப்படுவதைவிடப் பெரிய பயம் எது? நிறையப் பையன்கள் அந்தப் பேச்சைப் பேசுவது பெண்கள்மேல் உள்ள வன்மத்தால் இல்லை. சொம்பு என்ற பேர் வாங்காமல் இருக்கத்தான். இது என் பையன்களே தனியாக வந்து சொன்னது.

"டீக்கடைப் பெஞ்சுல எல்லாக் காலத்துலயும் பேசுனதுதானே" என்று தம்பி கேட்பான். பேசினார்கள். பெஞ்சில் பேசிய பேச்சு கிளாஸ் கழுவும்போதே போய்விடும். பேசப்பட்டவள் காதுக்கு வராது, வந்தாலும் யார் பேசியது என்று அவள் அம்மா போய்க் கேட்கலாம். இன்று அது அவள் படத்துக்குக் கீழேயே எழுதப்படுகிறது, அவள் பெயருக்கு டேக் போகிறது, அடுத்த வருடமும் அங்கேயே இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் அருவிக்கரையில் ஈரச்சேலையோடு நிற்கும் பெண்களைத் தூரத்திலிருந்து எடுத்து, "சீசன் வந்தாச்சு" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். குளிக்க வந்தவளுக்குத் தான் யாருடைய போனில் இருக்கிறோம் என்றே தெரியாது. முன்பு அருவிக்கு வந்தால் உடம்புக்கு நல்லது என்று மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்தப் பேச்சு உருவானபோது பெண்கள் அங்கே குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் இன்டர்நெட்டை எப்போதாவது பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1. தமிழ்நாட்டுப் பெண்கள் 46.9, கேரளப் பெண்கள் 61.1. ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த திண்ணையில் உண்டான மொழிக்குள்தான் நீங்கள் பின்னால் வந்து உட்கார்கிறீர்கள்.

இப்போது வந்துவிட்டீர்கள், சொல்லும் மாறிக்கொண்டிருக்கிறது. ஃபெமினிச்சி என்ற வசையை மலையாளப் பெண்கள் தாங்களே எடுத்து மாட்டிக்கொண்டார்கள். 2024இல் அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு படம் வந்து கேரளத் திரைப்பட விழாவில் பாராட்டு வாங்கியது. என் வகுப்புப் பெண்கள் மலையாளத்திலிருந்து 'கோழி'யை இறக்குமதி செய்திருக்கிறார்கள். எல்லாப் பெண்ணிடமும் வழிகிறவன் கோழி. "அவனா, சரியான கோழிமா" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்த வாக்கியத்தில் பார்க்கிறவள் அவள், பார்க்கப்படுகிறவன் அவன். எல்லாப் பெண்களையும் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். 'அட்டு ஃபிகர்' என்று இன்னொரு பெண்ணைச் சொல்லும் பெண்களும் என் நோட்டில் இருக்கிறார்கள். கூட்டத்தின் கண்ணைக் கடன் வாங்கித் தன் கூட்டாளியைப் பார்க்கிறார்கள்.

நம்ம வட்டாரத்துச் சொல் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'ஏட்டி'. என் ஆச்சி கடைசி மூச்சு வரை என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டார். "ஏட்டி, சாப்ட்டியா", கோபம் வந்தால் "சவத்து மூதி". அதில் இருந்த பிரியம் வேறு எந்தச் சொல்லிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தப் பக்கம் 'எடி'யும் இப்படித்தான். அதே 'ஏட்டி'யை முகம் தெரியாத ஒருவன் கமென்ட்டில் எழுதும்போது ஆச்சி இருந்த இடத்தில் அவன் வந்து உட்காருகிறான். சொல்லைத் தடை செய்து இதைச் சரிசெய்ய முடியாது. ஏட்டி என்று கூப்பிட அவனுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கத்தான் முடியும்.

சொல்லை மாற்றினால் எதுவும் மாறாது என்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 1999 ஜூலையில் தென்காசி பேருந்து நிலையத்துக்கு எதிரே கணவனோடு நின்ற ஒரு பெண்ணிடம் குடிபோதையில் தப்பாக நடந்துகொண்டார் ஒரு போலீஸ்காரர். வேலையிலிருந்து நீக்கினார்கள்; உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2012 நவம்பர் 30 அன்று தீர்ப்பு வந்தது: நீக்கியது சரி. 'ஈவ் டீசிங்' என்பதே குற்றத்தை மென்மையாகக் காட்டும் சொல் என்று நீதிபதிகள் அதில் எழுதினார்கள். பேருந்து நிலையங்களில் சாதா உடையில் பெண் போலீஸ் நிற்க வேண்டும், கேமரா வேண்டும், உதவி எண் வேண்டும் என்றும் சொன்னார்கள். தமிழ்நாடு 1998இல் ஈவ் டீசிங் தடைச் சட்டம் என்று கொண்டுவந்ததை 2002லேயே பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாற்றியிருந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடு அந்தச் சொல்லை நீதிமன்றத்தில் பயன்படுத்தவே வேண்டாம் என்றது. கேலி என்று பெயர் இருந்தவரை அது விளையாட்டு; துன்புறுத்தல் என்று பெயர் வந்ததும் ஸ்டேஷனில் எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் தம்பியின் 'ஜாலி'யும் அந்தப் பழைய சொல்லின் உறவுதான்.

சட்டம் என்று பார்த்தால், பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லுக்கும் காட்டும் சைகைக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 79ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. தொடர்ந்து மிரட்டினால், படத்தை மாற்றிப் போட்டால் தயங்காமல் சைபர் கிரைமுக்குப் போங்கள், புகார் கொடுக்க cybercrime.gov.in என்ற இணையதளமும் இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தம்பி விஷயத்துக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன். பயமுறுத்தினால் அவன் இன்னொரு அக்கவுன்ட் தொடங்குவான், அதில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

அவனோடு உட்கார்ந்து நான் வகுப்பில் செய்ததைச் செய்து பாருங்கள். அவன் போட்ட கமென்ட் ஒன்றை எடுங்கள், அவனே தேர்ந்தெடுக்கட்டும். அதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். இதில் எழுவாய் யார் என்று கேளுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணை எழுவாயாக வைத்து, குற்றம் எதுவும் சொல்லாத ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அவனுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும் என்பது அப்போது அவனுக்கே தெரியும். என் வகுப்பில் இதை எழுதும்போது ஒரு பையன் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "அவ பஸ்ல ஜன்னல் சீட்டுல உக்காந்து பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தா" என்று எழுதினான். அவன் முதல் நாள் எழுதிய வரியை நான் இங்கே எழுதப்போவதில்லை. வகுப்பு முடிந்து அவனே வந்து போர்டைத் துடைத்தான். நீங்களும் தினமும் அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்தான் என்பதைத் தம்பியிடம் சொல்லத் தேவையில்லை, அவனுக்குத் தெரியும்.

ஆரி ஒர்க் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். கணவன்தான் பக்கத்தைத் திரும்பத் திறக்கச் சொன்னான். இப்போது விலையை வீடியோவிலேயே போட்டுவிடுகிறாள்: கைக்கு மட்டும் என்றால் இவ்வளவு, கழுத்தும் சேர்த்து இவ்வளவு, கல் வைத்தால் இவ்வளவு. வாடிக்கையாளர் யாரும் ரேட் கேட்க வேண்டியதில்லை. அதனால் கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பதில் கிடையாது, பிளாக். தை மாதக் கல்யாணங்களுக்குக் கார்த்திகையிலேயே ஆர்டர் நிறைந்துவிட்டது என்று போன வாரம் போனில் சொன்னாள். முகம் காட்டித்தான் பேசுகிறாள்.